தொட்டிக்குள் இருந்தவன்

பொழுது புலரும்போதே மாம்பலத்தில் இரும்பு அலறத் தொடங்கிவிட்டது. அங்கே உருவாகும் புதுக் குடியிருப்புக்கு இரும்புத் தண்ணீர்த் தொட்டி எழும்புகிறது. காண்டிராக்டர் வேதாந்தத்துக்கோ அவசரம். வெளியே லாசர் காற்றுச் சுத்தியலால் தகடுகளை இணைக்கும் ஆணியை அறைய, தொட்டிக்குள் குந்தியிருந்த தேசப்பன் மறுபக்கம் இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்தான். வெளியே இருப்பவனுக்கு அது சத்தம். உள்ளே இருப்பவனுக்கு மண்டைக்குள் இடி. முன்பெல்லாம் மெழுகில் தோய்த்த பஞ்சைக் காதில் அடைத்துக்கொள்வார்கள். அடைத்தால் தன் விசில் கேட்காது என்று வேதாந்தம் பிடுங்கி எறிந்துவிட்டார். காதே போன பிறகு யாருக்கு ஊதுவாராம் அந்த மனுஷர்!

அன்று விடியுமுன் கடலோர நொச்சிக்குப்பத்திலிருந்து வேலைக்குப் புறப்படும்போது தேசப்பன் மனைவியிடம், "கடல் இன்னா இப்டிக் கத்துது கெங்கம்மா?" என்றான்.

அவள் அவன் காதருகே வந்து உரக்கச் சொன்னாள்: "கொளமாட்டம் கெடக்குது. உனுக்கு இன்னா ஆச்சு?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இத்தனை நாளும் அலை என்று நம்பியது தன் காதுக்குள்ளேயே இரைந்துகொண்டிருந்திருக்கிறது. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். வாயை மூடிக்கொண்டு நடந்தான்.

பழுக்கக் காய்ந்த ஆணியை "வருது!" என்று கத்திவிட்டுத்தான் உலைக்காரன் மண்ணாங்கட்டி மேலிருந்து போடுவான், தேசப்பன் தகரக் குவளையில் ஏந்துவான். அன்றும் கத்தினான். தேசப்பன் நிமிரவில்லை. ஆணி தோளில் விழுந்து சதை தீய்ந்தது.

அவனை வெளியே தூக்கினார்கள். வேதாந்தம் ஓடி வந்தார்.

"பஞ்சு வெச்சுண்டிருந்தானோ?"

"இல்ல சாமி. நீங்க புடுங்கிப் போட்டதுலேர்ந்து வெக்கல" என்றான் லாசர்.

"அப்போ தூங்கிண்டிருந்திருக்கான். வேற ஆளை இறக்கு!"

தேசப்பனுக்கு வாயசைவு மட்டுமே தெரிந்தது. ஆனால் தொட்டியை நோக்கி நீண்ட விரல் புரிந்தது. இறங்கப்போகிறவனுக்கும் இதே கதிதான். நெஞ்சு பொறுக்கவில்லை; எழுந்தான்.

"எனக்குக் காது கேக்கல சாமி. மறைச்சிக்கினு இருந்தேன். உள்ள எறங்கறவனுக்குப் பஞ்சு வேணும். ஒருத்தனையே போடாம மாத்தி மாத்தி எறக்கணும்."

போயிற்று வேலை என்று நினைத்தான். லாசர் தன் காதைத் தொட்டு, தனக்கும் மந்தம்தான் என்று கையால் காட்டினான். அடுத்து மண்ணாங்கட்டி. பிறகு ஒவ்வொரு கையாகக் காதுக்குப் போயிற்று. அடப்பாவிகளா, எல்லாருமா மறைத்தீர்கள்!

வேதாந்தம் முகம் சிவக்கக் கத்தினார். போலீஸ் என்கிறார் போலிருந்தது. ஒருவரும் தொட்டிப் பக்கம் போகவில்லை. சுத்தியலுக்குக் காற்றடிக்கும் என்ஜினை ஓட்டுகிறவர் நடந்து போய் அதை நிறுத்தினார். அது தேசப்பனுக்குக் காலில்தான் தெரிந்தது, தரை அதிரவில்லை. தோள் எரிய எரிய லாசரின் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.