கடுகளவு சந்தேகம்

துப்பாக்கி வெடிக்கும் முன்பே ஓடிவிட்டாள் என்று அந்த ஓட்டக்காரியின் மேல் விழுந்த பழி இரண்டு வருடமாக அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அவள் முன்பே ஓடவில்லை. வெடித்தது, காதில் விழுந்தது, கால் கிளம்பியது. எல்லாம் முறைப்படிதான் நடந்தது. கொஞ்சம் சீக்கிரமாக நடந்துவிட்டது, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு விதி இருக்கிறது. ஒரு நொடியைப் பத்தாகப் பிரித்து, வெடித்ததிலிருந்து அதில் ஒரு பங்கு கழிவதற்குள் எவர் கால் நகர்ந்தாலும், அது கேட்டு ஓடியது அல்ல, ஊகித்து ஓடியது. அதற்குள் மனிதப் பிறவியால் முடியாது என்று படித்தவர்கள் கூடி முடிவு செய்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு இவளை யாரும் அழைக்கவில்லை. காலை ஊன்றி உந்தும் கட்டைக்குள் ஒரு கருவி இருக்கும். நூறு மீட்டர் ஓட்டத்தில், உலகப் போட்டியின் அரையிறுதியில், அந்தக் கருவி இவளைப் பிடித்துக் கொடுத்தது. பத்தில் ஒரு பங்குக்கு ஆயிரத்தில் மூன்று குறைவு. ஒருவர் சிவப்பு அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“நான் கேட்டுட்டுத்தாங்க கெளம்பினேன்” என்றாள் இவள்.

“மெஷின் அப்படிச் சொல்லலையேம்மா.”

“அந்த மெஷினுக்குக் காது இருக்கா?”

அவர் அட்டையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

இப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. அடுத்த உலகப் போட்டிக்கும் தேர்வாகிவிட்டாள். ஓட்டச் சங்கத்தின் செயலாளர் கூப்பிட்டு, “இன்னொரு தடவ செவப்பு அட்ட வாங்கினா, அதோட சரி. பாட்டிலப் பொறுக்கப் போயிடு” என்று சொல்லி அனுப்பினார்.

பாட்டில் பொறுக்குவதுதான் அவள் உத்தியோகம். கண்ணாடி ஆலையில் வெளிச்சப் பலகைக்கு முன்னால் வரிசையாக ஓடிவரும் பாட்டில்களில் விரிசல் விட்டதைப் பார்த்து எடுத்துப் போட வேண்டும். ஒருநாள் மேற்பார்வையாளர் அவள் எடுத்து வைத்திருந்த பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, “இதுல விரிசலே இல்லையே?” என்றார். அவர் அந்த ‘யே’யை முடிப்பதற்குள் பாட்டில் விரிசல் விட்டது. அன்றிலிருந்து அவர் அந்தப் பக்கம் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் வருவார்.

வீட்டோடு இருந்து துணி தைக்கும் நாத்தனார் அவளுக்கு வைத்த பெயர் முந்திரிக்கொட்டை. “அழைப்பு மணிய நாம அமுக்குறதுக்குள்ள அண்ணி கதவத் தெறந்துடுவாங்க. பாதி நாளு வாசல்ல யாருமே இருக்க மாட்டாங்க. சாயந்திரம் வரப்போறவங்களுக்குக் காலையிலயே தெறந்துட்டிருப்பாங்க” என்று ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

அவள் வீட்டுக்காரர் வேறு மாதிரி. தபால் நிலையத்தில் பதிவுத் தபால் ஜன்னலில் இருந்தார். அங்கே அவர் பெயர் நிதானம். அவர் ஜன்னலில் வரிசையில் நின்றவர்கள், தபாலை ஊருக்கே கொண்டுபோய் நேரில் கொடுத்துவிட்டு வந்து ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு போனதாகப் பேச்சு. ஒருமுறை காலடியில் பாம்பு என்று யாரோ கத்தினார்கள். அவர் “எங்க?” என்று கேட்டபோது பாம்பு சட்டையை உரித்துப் போட்டுவிட்டுக் கிளம்பியிருந்தது. கல்யாணத்துக்குச் சம்மதமா என்று இரண்டு பேரையும் ஒரே நாளில்தான் கேட்டார்கள். அவள் கேள்வி முடியும் முன்பே சரி என்றாள். அவர் பதில் வர நான்கு மாதம் பிடித்தது. ஆனால் வந்த பதில் கெட்டியான பதில். இன்றுவரை அதில் ஒரு விரிசல் கிடையாது.

மனைவி ஓடுவதைப் பார்க்கப் பதினொரு தடவை போயிருக்கிறார், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மூக்குக் கண்ணாடியைக் கூட்டிலிருந்து எடுத்து, துடைத்து, மாட்டி நிமிர்ந்தால், அவள் ஓடி முடித்து உடுப்பு மாற்றிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பாள். “எப்ப ஆரம்பிப்பாங்க?” என்று அவளிடமே கேட்பார்.

பயிற்சியாளர் ஒரு பெண்மணி. கழுத்தில் ஊதலும் முகத்தில் கவலையுமாக அலைகிறவர். இத்தனை வருடமாகப் பெண்களைச் சீக்கிரம் கிளப்புவதற்குத்தான் அவருக்கு வழி தெரியும். ஒருத்தியைத் தாமதமாகக் கிளப்புவது எப்படி என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. காதில் பஞ்சை வைத்துப் பார்த்தார். அவள் உள்ளங்காலால் கேட்டுக்கொண்டு ஓடினாள். வெடித்ததும் மனசுக்குள் பத்து வரை எண்ணிவிட்டு ஓடு என்றார். எண்ணிவிட்டுத்தான் ஓடினாள். கருவி ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொன்னார். முழுசாகச் சொல்லி, நடுவில் ஒரு இடத்தில் சந்தேகம் வந்து திருத்திக்கொண்டும் ஓடினாள். அப்போதும் ஆயிரத்தில் இரண்டு குறைந்தது.

“உன்ன வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?” என்று பயிற்சியாளர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே வந்தார். கூடத்தில் நிதானம் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார், போன வாரத்தினுடையது.

“சார், நீங்களாவது இவளுக்கு ஒரு வழி சொல்லக் கூடாதா?” என்று அவரிடம் கேட்டுவிட்டு, பயிற்சியாளர் டீயைக் குடித்தார். நாத்தனார் புதிதாகத் தைத்த இரண்டு ஜாக்கெட்டுகளை எடுத்துவந்து காட்டினாள். கையின் அளவைப் பற்றிப் பேச்சு வந்தது. பிறகு மழையைப் பற்றி. பயிற்சியாளர் எழுந்து, விடைபெற்று, வாசலில் ஒரு செருப்பை மாட்டிவிட்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ஆங்? என்னையா கேட்டீங்க?”

பயிற்சியாளர் ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றார். முகத்திலிருந்த கவலை ஒவ்வொரு மடிப்பாக இறங்கியது.

“நாளைக்குக் காலையில சாரையும் மைதானத்துக்குக் கூட்டிட்டு வந்துடு” என்றார்.

மறுநாள் அலுவலகக் கால்சட்டையோடு நிதானத்தை அடுத்த தடத்தில் மண்டியிட வைத்து, காலைக் கட்டையில் ஊன்றச் சொன்னார்கள். பயிற்சியாளர் துப்பாக்கியை வெடித்தார். மரத்திலிருந்த காக்காய்கள் கிளம்பின. மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றின. திரும்பி வந்து தத்தம் கிளையில் உட்கார்ந்தன. அப்புறம் நிதானம் தலையைத் தூக்கினார்.

“ஆங்? என்னையா?”

அவள் தன் தடத்தில் உட்கார்ந்தபடியே அவரை உற்றுப் பார்த்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் கேட்கத் தோன்றாத கேள்வி அப்போதுதான் தோன்றியது.

“ஏங்க, அவ்வளவு நேரம் உள்ள என்னதான் பண்ணுவீங்க?”

அவர் யோசித்தார். பயிற்சியாளர் இரண்டாவது குண்டைப் போட்டு மூடினார். துப்பாக்கி மூடிய சத்தத்துக்குக் காக்காய்கள் இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. ஆளைப் புரிந்துகொண்டுவிட்டன.

“யாரையோ கூப்பிடுறாங்க” என்றார் நிதானம். “சரி, நம்மளையா இருக்குமான்னு ஒரு சந்தேகம் வரும். அது தீந்ததும் திரும்பிப் பாப்பேன். வேற ஒண்ணும் பண்றதில்ல.”

அந்தச் சந்தேகம் அவளுக்கு ஜென்மத்தில் வந்ததில்லை. பிறந்த வீட்டில் அவளுக்குக் கீழே ஐந்து பேர். எது அழுதாலும், எது விழுந்தாலும் எழுந்திருக்கிறவள் அவள்தான். உலகத்தில் எந்தச் சத்தம் கேட்டாலும் அது தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று வளர்ந்துவிட்டவள்.

“இத எனக்குக் கொஞ்சம் கத்துக் குடுங்க” என்றாள்.

“ஆங்?” என்றார் அவர்.

“ஒன்னயத்தான்யா சொல்றா” என்று பயிற்சியாளர் மரியாதையை மறந்தார்.

சந்தேகப்படுவது அவ்வளவு லேசான காரியம் இல்லை. முதல் நாள் அவளுக்கு வந்த சந்தேகம் தேங்காய் அளவு இருந்தது. துப்பாக்கி வெடித்து, மற்ற பெண்கள் எல்லைக் கோட்டைத் தாண்டி இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, அவள் மட்டும் மண்டியிட்டபடி, “உங்களையாடி கூப்பிட்டாங்க?” என்று கேட்டாள். இரண்டாவது வாரம் எலுமிச்சை அளவுக்குக் கொண்டுவந்தாள். மாதக் கடைசியில் சுண்டைக்காய். மூன்றாவது மாதம் ஒருநாள் கருவி பத்தில் ஒரு பங்குக்குமேல் ஆயிரத்தில் நாலு என்று காட்டியபோது பயிற்சியாளர் ஊதலை ஊதிக்கொண்டே மைதானத்தைச் சுற்றி வந்தார். சந்தேகம் கடுகளவுக்கு இறங்கியிருந்தது.

வீட்டில் சில விளைவுகள் ஏற்பட்டன. மணி அடித்தால் அவள், “நம்ம வீட்டு மணியா?” என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாத்தனார்தான் தையலை விட்டு எழுந்து போக வேண்டியிருந்தது. “என்ன அண்ணி, எங்கண்ணன் ஒங்களுக்குத் தொத்திக்கிட்டாரா?” என்றாள். நிதானமும் தன் பங்குக்கு, தபால் ஜன்னலில் ஒருவருக்கு வந்த உடனே ரசீதைக் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் ரசீது போலியாக இருக்குமோ என்று மேலதிகாரியிடம் போய் விசாரித்தார்.

உலகப் போட்டிக்கு அவள், நிதானம், பயிற்சியாளர் மூன்று பேரும் போனார்கள். முதல் சுற்று முடிந்தது, அரையிறுதி முடிந்தது. ஒவ்வொரு தடவையும் கடுகு சரியாக வந்து விழுந்தது. இறுதி ஓட்டத்துக்கு எட்டுப் பேர். இவளுக்கு ஐந்தாவது தடம். இந்தத் தடவை பார்த்தே தீருவது என்று நிதானம் முந்தின இரவே மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதோடேயே தூங்கி, அதோடேயே குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

மைதானம் அடங்கியது. எட்டுப் பேரும் கையைக் கோட்டுக்குப் பின்னால் ஊன்றினார்கள், இடுப்பைத் தூக்கினார்கள்.

வெடித்தது. பத்து அடி போவதற்குள் இன்னொரு தடவையும் வெடித்தது. நிறுத்து என்று அர்த்தம். யாரோ முந்திவிட்டார்கள்.

கடுகு இருந்ததா, கைதவறி விழுந்துவிட்டதா என்று அவளுக்கு நினைவில்லை. திரும்பி நடந்துவந்து தன் கட்டைக்குப் பின்னால் நின்றாள். ஓரத்தில் நாலைந்து பேர் ஒரு திரையைக் குனிந்து பார்த்தார்கள். அதில் ஒருவர் சிவப்பு அட்டையை எடுத்துக்கொண்டு நடந்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்தவர் இல்லை, ஆனால் அதே நடை. ஒன்றாவது தடத்தைத் தாண்டினார். இரண்டு, மூன்று, நான்கு. இவள் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

என்னையா, என்று அவள் நினைத்தாள்.

அவர் இன்னும் இரண்டு எட்டு வைத்து ஆறாவது தடத்தின் முன்னால் நின்று அட்டையைத் தூக்கினார். அங்கே நின்றவளுக்கு இருபது வயதுகூட இருக்காது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். இவள் அவள் தோளைத் தொட்டு, “நீ கேட்டுட்டுத்தான கெளம்பின?” என்றாள். அந்தப் பெண்ணுக்கு இவள் பாஷை தெரியாது. ஆனாலும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

“தெரியும்” என்றாள் இவள்.

மறுபடி ஏழு பேர் மண்டியிட்டார்கள். இப்போது பயத்தில் சந்தேகம் தேங்காயாகிவிடுமோ என்பதுதான் அவளுக்கு யோசனை. வீட்டுக் கூடத்தையும் போன வாரத்துச் செய்தித்தாளையும், அதற்குப் பின்னாலிருந்து நிதானமாக எழும் தலையையும் மனசில் கொண்டுவந்தாள். இடுப்பைத் தூக்கினாள்.

வெடித்தது.

என்னையா? ஆமா, என்னத்தான்.

கடுகு வெடித்தது, கால் கிளம்பியது. பத்தில் ஒரு பங்குக்குமேல் ஆயிரத்தில் ஒன்று. அதற்கு ஒரு மயிரிழை குறைந்திருந்தால் சிவப்பு. பாதித் தூரத்தில் அவள்தான் முன்னால் இருந்தாள். எண்பதாவது மீட்டரில் நெட்டையான இரண்டு பெண்கள் இரண்டு பக்கமும் வந்தார்கள், தாண்டினார்கள். இவள் நெஞ்சை முன்னால் எறிந்து மூன்றாவதாக விழுந்தாள். பதினொரு நொடிக்குக் கொஞ்சம் குறைவு. வாழ்நாளில் அவள் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. தரையில் மல்லாந்து கிடந்து பெரிய பலகையைப் பார்த்தாள். மூன்றாவது வரியில் அவள் பெயர். பக்கத்தில் சிவப்பு எதுவும் இல்லை. அது அணைந்து மறுபடி எரிந்தது. அப்போதும் இல்லை.

நிதானம் முழு ஓட்டத்தையும் பார்த்துவிட்டார். கைதட்டத்தான் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. எல்லாரும் தட்டி ஓய்ந்து உட்கார்ந்த பிறகு அவர் எழுந்து நின்று தட்டினார். தூரத்தில் உயரம் தாண்டத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு பெண், அது தனக்கென்று நினைத்து, ஒரு சாண் அதிகமாகத் தாண்டிவிட்டாள் என்று பயிற்சியாளர் சொல்கிறார்.

சாயந்திரம் பதக்கம் கொடுத்தார்கள். அங்கே மூன்றாவதாக வந்தவளைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அவள் உடுப்பைச் சரிசெய்துகொண்டு மேடைக்குப் பின்னால் நின்றாள். ஒலிபெருக்கி கரகரத்தது. அவள் பெயரின் முதல் எழுத்து வந்தது, இரண்டாவது எழுத்து வந்தது, முழுப் பெயரும் வந்தது, ஊரும் வந்தது. கூட்டம் தட்டியது.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தது. என்னையா என்று இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். அந்தச் சந்தேகம் கடுகளவு இல்லை. பெரிதாக, நிம்மதியாக, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போல விரிந்து கிடந்தது. அதில் அவள் சாவகாசமாக நின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒலிபெருக்கிக்கும் முன்பே ஒரு குரல் வந்துவிட்டிருந்தது. மேலே இருபதாவது வரிசையிலிருந்து, அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

“ஒன்னத்தான் கூப்பிடுறாங்க, போ.”

நிமிர்ந்து பார்த்தாள். நிதானம் நாற்காலியின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் பயிற்சியாளர் அவர் கால்சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

அவள் சிரித்துக்கொண்டே மேடைக்குப் போனாள். கழுத்தில் பதக்கம் ஏறியது. அவர் குரலை அளக்க அங்கே கருவி எதுவும் இல்லை. இருந்திருந்தால் அவருக்கும் சிவப்பு அட்டைதான்.