மிஷின் ஓடும் நேரம்

உப்பளத்தில் சக்கரபாணி வீட்டு மிஷின் ஓட ஆரம்பித்தால் தெருமுனைவரை கேட்கும். துணி காயவைக்கிற மிஷின். பிரான்சில் வாழ்க்கைப்பட்ட மூத்த மகள் கன்னியம்மாள், அடைமழைக் காலத்தில் அம்மா ஈரத்துணியோடு மாரடிப்பதை நினைத்துக் கப்பலில் போட்டு அனுப்பியது. நல்ல மனசுதான். ஆனால் மாசக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்ததில், உள்ளே இருக்கும் பெரிய உருளையைத் தாங்குகிற ரப்பர் சக்கரம் ஒரு பக்கம் நசுங்கிப்போயிருந்தது. உருளை சுற்றும்போதெல்லாம் தடக் தடக்கென்று இடித்தது. அது போதாதென்று அம்மா கொளஞ்சி, கிணற்று ராட்டினத்துக்கு விடுவதைப்போல வெள்ளிக்கிழமைதோறும் அதன் பின்பக்கத்து இடுக்கில் விளக்கெண்ணெய் விட்டுவந்தாள். எண்ணெயும் துணிப்பிசிறும் சேர்ந்து களியாகி, இடியோடு கிறீச்சும் சேர்ந்துகொண்டது.

"இது துணி காயவைக்குதா, நெல்லு குத்துதா?" என்பார் சக்கரபாணி. "டேய் ராமலிங்கம், மில்லுல அவ்ளோ பெரிய மிஷினெல்லாம் பாக்குற. இத ஒரு நாளு பிரிச்சுப் பாக்கக்கூடாதா?"

"பாக்குறம்பா" என்பான் மகன். துணி மில்லில் ஃபிட்டர் வேலை அவனுக்கு. போன மழைக்காலத்தில் சொன்ன அதே பதிலைத்தான் எண்பத்து மூன்றாம் வருஷத்து மழைக்காலத்திலும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் ஏன் பார்க்கவில்லை என்பது அவன் மனைவி செல்வாம்பாளுக்கு மட்டும் தெரியும். அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்கென்று ஓர் அறை இருந்தது. இருந்து என்ன? சுவரை ஆள் உயரத்துக்கு எழுப்பிவிட்டு, ஓட்டுக்கூரை வரைக்கும் கொண்டுபோகாமல் விட்டுவிட்டார்கள். கொளஞ்சிக்கோ பாம்புச் செவி. ராத்திரி மருமகள் இருமினால் காலையில் கஷாயம் தயாராக இருக்கும். அன்புதான், இல்லையென்று சொல்லிவிட முடியாது. ஆனால் இருமலே கேட்கிற வீட்டில் எதைப் பேசுவது? கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் ஊமைகளாகத்தான் குடித்தனம் நடத்தினார்கள்.

மிஷின் வந்துதான் அவர்கள் வாயைத் திறந்துவிட்டது. சாயங்காலம் ராமலிங்கம் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அவள் ஈரத்துணியை அள்ளிப்போட்டு சுவிட்சைத் தட்டுவாள். மடிக்க ஒத்தாசை என்ற சாக்கில் அவனும் பின்கட்டுக்கு வந்துவிடுவான். மில்லில் தறிச் சத்தத்துக்குள் காதோடு வாய் வைத்துப் பேசிப் பழகியவன் அவன். மேஸ்திரி கொட்டாவி விடுவதை நடித்துக்காட்டுவான். சின்ன வயதில் குருசுக்குப்பத்துக் கடலில் மூழ்கப் பார்த்த கதையைச் சொல்லுவான். அவள் வயிறு வலிக்கச் சிரிப்பாள். கூடத்தில் இருப்பவர்களுக்கு மிஷின் இடி தவிர ஒன்றும் கேட்காது. பேச்சு முடியாத நாளில் காய்ந்த துணியையே மறுபடி நனைத்துப் போட்டதும் உண்டு.

அந்த ஐப்பசியில் புதிதாக ஒரு பேச்சு நுழைந்தது. தட்டாஞ்சாவடியில் ரேடியோவுக்குப் பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் செல்வாம்பாளின் சினேகிதி அஞ்சலாட்சி வேலை பார்த்தாள். இன்னும் ஆள் எடுக்கிறார்கள், வந்து சேர்ந்துகொள் என்றாள். செல்வாம்பாளுக்கு அந்த வேலை வேண்டும். ஆசை என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். அதே நினைப்பில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"உங்க அப்பாகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். ஒத்துக்கல. நம்ம வூட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போவக்கூடாதுன்னுட்டாரு."

"இன்னொரு வாட்டி கேளுங்க."

கேட்டதாகச் சொன்னான். மூன்றாவது தடவை அப்பா எரிந்து விழுந்தார் என்றான். பாவம், எனக்காக எத்தனை ஏச்சு வாங்குகிறார் என்று அவள் உருகிப்போனாள். மாமனாரை ஏறெடுத்துப் பார்ப்பதை விட்டாள். ஒருநாள் அவருடைய குழம்பில் உப்பு தூக்கலாக விழுந்தது. அது கைதவறி விழுந்ததில்லை.

திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் இடம் போய்விடும் என்று அஞ்சலாட்சி வந்து சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை. அன்று சாயங்காலம் மிஷின் இடித்துக்கொண்டிருக்கும்போது செல்வாம்பாள் புருஷன் காதில் சொன்னாள்: "இனிமே நீங்க கேக்க வேணாம். நானே மாமாகிட்ட கேக்குறேன்."

அவன் முகம் செத்துப்போனது. "அவசரப்படாத. நாளைக்குச் சொல்றேன்" என்றான்.

மறுநாள் சாயங்காலம் பதில் வரவில்லை. லேத்துப் பட்டறையில் சொல்லிச் செய்த புது ரப்பர் சக்கரத்தோடு அவன் வந்தான். பிளக்கைப் பிடுங்கி, பின்தகட்டைக் கழற்றி, பெல்ட்டைத் தளர்த்தி உருளையை வெளியே தூக்கினான். அடியில் அப்பியிருந்த எண்ணெய்க் களியைக் கத்தியால் சுரண்டி, சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்துக் காயவிட்டான். நசுங்கிய சக்கரத்தை எடுத்துவிட்டுப் புதிதை மாட்டினான். பேச்சுக் கொடுக்க முடியாதபடி வாயில் திருகாணிகளைக் கவ்விக்கொண்டிருந்தான். ஒரு வருஷமாக முடியாத வேலை விளக்கு வைப்பதற்குள் முடிந்துவிட்டது.

செல்வாம்பாள் முட்டாள் இல்லை. மறைக்கச் சத்தமில்லாத இந்த வீட்டில் இனி நீ எதையும் கேட்க முடியாது என்று அவன் சொல்லாமல் சொல்வது அவளுக்குப் புரிந்தது.

சுவிட்சைப் போட்டதும் மிஷின் மின்விசிறிபோல மெல்ல ஓடியது. ஓடுகிறதா என்று கொளஞ்சி கையை வைத்துப் பார்த்தாள். "இப்பத்தாண்டா வூடு வூடா இருக்குது" என்று கூடத்திலிருந்து சக்கரபாணி சந்தோஷப்பட்டார்.

செல்வாம்பாள் ஈரத்துணியைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவுமில்லை, தாழ்த்தவுமில்லை.

"ஏங்க, நாளைக்குச் சொல்றேன்னீங்களே. திங்கக்கிழம நான் வேலைக்குப் போவட்டுமா, வேணாமா?"

கூடத்தில் பேப்பர் புரட்டும் சத்தம் நின்றது. "இன்னா வேல?" என்றார் சக்கரபாணி.

அவள் கூடத்துக்கு வந்தாள். "தட்டாஞ்சாவடி கம்பெனி வேலதான் மாமா. மூணு வாட்டி வேணான்னு சொன்னீங்களே."

"நானா? எங்கிட்ட யாரும்மா கேட்டாங்க?" மருமகள் பின்னாலேயே வந்த மனைவியை அவர் பார்த்தார். கொளஞ்சியும் உதட்டைப் பிதுக்கினாள்.

மூன்று பேரும் பின்கட்டு நிலைப்படியில் நின்ற ராமலிங்கத்தைப் பார்த்தார்கள். அவன் ஸ்பேனரைத் துடைத்தான், துடைத்ததையே துடைத்தான். "நாந்தான் கேக்கல" என்றான் கடைசியில். "மில்லுல பசங்க கிண்டல் பண்ணுவானுங்க. எனக்குத்தான் புடிக்கல."

அவனுக்குப் பிடிக்காதது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. சண்டை போட்டிருப்பாள், சமாதானம் செய்திருப்பாள். காதோரம் சொன்னதையெல்லாம் நிஜமென்று நம்பி, அதற்காகவே சாயங்காலத்துக்குக் காத்துக் கிடந்தோமே என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை. ஒரு பாவமும் அறியாத மனுஷருக்கு உப்பைக் கொட்டியதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

சக்கரபாணி மகனைத் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி, வாசலில் பெய்யும் மழையைப் பார்த்துவிட்டு மருமகளிடம் திரும்பினார்.

"இந்த மழையில பஸ்ஸ நம்பிப் போவ முடியாது. சைக்கிள் ஓட்டத் தெரியுமாம்மா உனக்கு?"

"தெரியும் மாமா. கல்யாணத்துக்கு முன்ன ரெட்டியார்பாளையத்துலேர்ந்து டைப் கிளாசுக்கு சைக்கிள்லதான் போவேன்."

ராமலிங்கம் தலையைத் தூக்கினான். "எங்கிட்ட நீ சொன்னதேயில்லியே" என்றான். அப்பா அம்மா எதிரில் பெண்டாட்டியோடு அவன் வாய்விட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

"நீங்க பேசுவீங்க, நான் சிரிப்பேன். என்னப் பத்தி எப்பக் கேட்டீங்க?" என்றாள் செல்வாம்பாள். பிறகு மாமனாரின் சைக்கிளில் காற்று இருக்கிறதா என்று பார்க்க வாசலுக்குப் போனாள்.