தனகோடி கட்சி மாறிய நாள்

முப்பது வருஷமாக ஜெயிக்கப் பார்த்த ஒரு சண்டையில் போன ஐப்பசி மாதம் ஜெயித்துவிட்டேன். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

சண்டை சொத்துக்காக இல்லை, தேர்தலுக்காகவும் இல்லை. நானும் தனகோடியும் பிறப்பதற்கு முன்பே இங்கிலாந்தில் ஆரம்பித்த இரண்டு ராக் பேண்டுகளுக்காக. நான் லெட் செப்பலின் கட்சி. அவன் டீப் பர்ப்பிள் கட்சி. ஆரணியில் இந்த இரண்டு கட்சிக்கும் தலா ஒரு தொண்டன்தான். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் அவனே. எனக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் பெயின்ட் கடை. தனகோடிக்கு வீட்டை ஒட்டி எட்டு பவர்லூம் தறிகள் ஓடும் ஷெட்.

வேலூரில் பாலிடெக்னிக் படித்தபோது, ஹாஸ்டலைக் காலி செய்த சீனியர் ஒருத்தன் இரண்டு கேசட்டுகளை விட்டுவிட்டுப் போனான். ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம். "கேசட் கை மாறியிருந்தா கட்சியும் மாறியிருக்கும்" என்று தனகோடியின் மனைவி கீதா கிண்டல் செய்வாள். நாங்கள் இரண்டு பேரும் ஒற்றுமையாக மறுத்த ஒரே விஷயம் அதுதான்.

ஆரணிக்கும் இந்தக் கூச்சல் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். தனகோடியின் அப்பா ஷெட்டில் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. தறிகள் ஓடும்போது சினிமாப் பாட்டு எதைப் போட்டாலும் முனகல்தான் கேட்கும். முதல் தடவை அந்தக் கேசட்டுகளைப் போட்டபோதுதான் ஒரு பாட்டு தறியோடு மல்லுக்கட்டி நின்றதைப் பார்த்தோம். "இன்னாடா இது, ஒம்போதாவது தறியா?" என்றார் அவன் அப்பா. அதைவிடப் பெரிய பாராட்டு எந்தப் பத்திரிகையிலும் நான் படித்ததில்லை.

எங்கள் வாதங்கள் எங்களுக்கே மனப்பாடம். என் ஆட்களின் டிரம்ஸ், நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அவனுக்கோ கீபோர்டு மாதிரி வாசிக்கிற ஆர்கன். கிடாரோடு சரிக்குச் சரி வம்புக்கு நிற்கும் அந்த ஆர்கனும், பாட்டுக்காரன் உச்சத்தில் வீறிடுவதும்தான் அவனுக்கு உசிர். ஆர்கனை நான் கல்யாண மண்டபத்து ஆர்மோனியம் என்பேன். அவன் என் டிரம்ஸைப் பல்லவன் பஸ்ஸின் லூஸ் கதவு என்பான்.

ஆனால் சண்டையின் மையம் இசை இல்லை. டிரம்ஸ்காரர் செத்ததும் என் ஆட்கள் பேண்டையே நிறுத்திவிட்டார்கள். அவன் ஆட்கள் யார் போனாலும் இன்னொருத்தரைச் சேர்த்துக்கொண்டு இன்றைக்கும் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

"ஒருத்தன் போனதும் கடைய சாத்தனாங்க பாரு, அதான்டா மரியாதை. அதனாலதான் இத்தினி வருசம் கழிச்சும் பேரு நிக்குது" என்பேன்.

"போடா டேய்! ஒருத்தன் எறங்கனா இன்னொருத்தன் ஏறணும், தறி நிக்கக் கூடாது. பாட்டு ஓடிகினே இருந்தாத்தான் பாட்டு" என்பான் அவன்.

இதற்கென்று எங்களுக்கு ஒரு நாள் உண்டு. மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காக மின்வாரியம் கரண்ட்டை நிறுத்தும். தெருத் தெருவாகத் தறிகள் நின்று, ஊரே பேயறைந்தது போல இருக்கும். அன்றைக்கு நான் கடையைச் சீக்கிரமே சாத்திவிடுவேன். என் பழைய மாருதியில் ஏறிக்கொண்டு, படவேடு பக்கமோ வந்தவாசி பக்கமோ, கண்ட ரோட்டில் போவோம். கார் செட்டில் ஒரு பாட்டு என்னுடையது, ஒரு பாட்டு அவனுடையது. திரும்பி வரும்போது தொண்டை கட்டியிருக்கும், சண்டை முடிந்திருக்காது.

ஐப்பசி மாதத்து கரண்ட் கட் அன்று படவேடு ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். என் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தனகோடி கதவில் இருந்த ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தான். திடீரென்று சொன்னான்.

"வேணு, ஒன் ஆளுங்கதான்டா பெரிய ஆளுங்க. ஒத்துக்கறேன்."

வண்டியை ஓரங்கட்டிவிட்டேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். வண்டியை எடுத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடியே, "அப்போ ஒன் ஆர்கன் கதி?" என்றேன். பதில் வரவில்லை. தோற்றவன் பாவம், நோண்டக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. பிரியாணி வாங்கிக்கொண்டு போய் வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்துப் போட்டேன். 'தனகோடி சரண்டர்' என்று வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. டீக்கடைக்காரர் மட்டும் ஏதோ நிலத் தகராறு முடிந்தது என்று நினைத்து வாழ்த்துச் சொன்னார்.

நாலைந்து நாள் கழித்து கீதா கடைக்கு வந்தாள். அவர்கள் மகள் சுகன்யாவைப் பெண் பார்க்க பெரணமல்லூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், கேட்டுக்கு பெயின்ட் அடிக்க வேண்டும் என்றாள். நான் கலர் அட்டையை எடுத்துப் போட்டேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"அண்ணா, அவுரு ஒங்ககிட்ட நல்லாத்தானே பேசறாரு?"

"ஏம்மா, இன்னா ஆச்சு?"

"சமையல்கட்டுலேர்ந்து நான் கத்திகினே கெடக்கறேன், பதிலே வர்றதில்ல. படுத்துகினு ஏதாவது சொன்னா செவுத்துக்கிட்ட பேசற மாதிரி கீது. எதிர்ல போயி நின்னா மட்டும் நல்லா சிரிச்சுகினு பேசறாரு. என் மேல இன்னா கோவம்னு நீங்களாவது கேட்டுச் சொல்லுங்கண்ணா. பேஜாரா கீது." கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பினேன். கலர் அட்டையைத் திரும்ப அலமாரியில் வைக்கும்போதுதான் 'எதிர்ல போயி நின்னா மட்டும்' என்பது எனக்கு உறைத்தது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

பவர்லூம் ஷெட்டில் யாரும் யாருக்கும் காதால் பதில் சொல்வதில்லை. வாயைப் பார்ப்பார்கள், கையைப் பார்ப்பார்கள். நூல் அறுந்தது என்பதற்கு ஒரு விரல், சாப்பாட்டுக்கு ஒரு சைகை. சின்ன வயசிலிருந்து அங்கேயே கிடந்த தனகோடி, எதிரில் நிற்கிற ஆளின் உதட்டை வைத்து வம்பு வழக்கு எல்லாம் பேசுவான். வேறு ஊராக இருந்திருந்தால் ஒரு மாதத்தில் வெளிச்சமாகியிருக்கும். இந்த ஊரில் ஒருத்தனுக்குக் காது போனால் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது, கோபம் என்று நினைத்துக்கொள்வாள்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒரு வருஷமாக அவன் போனையே எடுப்பதில்லை. கேட்டால், "மெசேஜ் போட்றா, சத்தத்துல கேக்கல" என்பான். கார் என்றால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ரோட்டைப் பார்த்துப் பேச வேண்டும். அங்கே அவனுக்கு உதடு கிடையாது. ஸ்பீக்கர்மேல் இருந்த அவன் உள்ளங்கையும் ஞாபகம் வந்தது. நான் வைத்த 'சரண்டர்' ஸ்டேட்டஸ் எப்போதோ மறைந்திருந்தது. ஆனாலும் போனை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு வைத்தேன்.

நேரே ஷெட்டுக்குப் போய்க் கேட்டிருக்கலாம். தைரியம் வரவில்லை. அடுத்த கரண்ட் கட்டுக்காகக் காத்திருந்தேன். நான் நினைப்பது தப்பாக இருக்க வேண்டும் என்று கோயிலுக்குப் போனவனைப் போல மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

கார்த்திகையில் அந்த நாள் வந்தது. தனகோடி வழக்கம்போல வெள்ளைச் சட்டையோடு வந்து ஏறினான். ஊரைத் தாண்டியதும், "மொதல்ல ஒன்னுது" என்று அவன் பக்கம் முகத்தைத் திருப்பிச் சொன்னேன். அவனுக்கு உயிரான பாட்டைப் போட்டேன். ஆர்கன் மட்டும் தனியாக, மெல்ல ஆரம்பித்து ஏறுகிற பாட்டு. அது வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு விரலை மடியில் ஆட்டுவான், பேசினால் அடிக்க வருவான்.

ஆர்கன் ஆரம்பித்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. கார் முழுக்க நிறைந்தது.

"இன்னும் போடலியாடா? ஜல்தி போடு" என்றான் தனகோடி.

என் கால் தானாக பிரேக்குக்குப் போனது. புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். பாட்டை நிறுத்தத் தோன்றவில்லை. முழுசாக அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், பிறகு செட்டில் எரிந்த விளக்கைப் பார்த்தான். புரிந்துகொண்டான். வெயிலில் போட்ட துணி மாதிரி முகம் வெளுத்துவிட்டது.

"எத்தினி நாளாடா?" என்றேன்.

என் வாயையே பார்த்துக்கொண்டு சொன்னான். "போன வருசம் ஆடியில வேலூர் போயி டாக்டர பாத்தேன். அதுக்கு முன்னாடியே போயிகினுதான் இருந்திருக்கும்."

"இன்னா சொன்னாரு?"

"போனது வராதாம். ஷெட்ட விட்டு வெளிய வந்தா மீதி நிக்குமாம். உள்ளவே கெடந்தா அதுவும் போயிடுமாம்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "ஒரு வருசத்துக்கு மேல ஆவுது, இன்னும் ஷெட்டுல நின்னுகினு கீற! காதுக்கு மிஷின் தரலயா?"

"மாட்டிப் பாத்தேன். பேச்சு கேக்குது, பாட்டுதான் வெறும் கரகரன்னு வருது. சுகன்யாவ பாக்க வர்ற நேரத்துல அப்பன் காதுல மிஷின மாட்டிகினு நிக்கறதா? ஒரு எடம் அமையட்டும்னு..."

"கீதாவுக்கும் தெரியாது. என்கிட்டயும் சொல்லல. பெருசா கட்சி மாறிட்டேன்னு கத விட்ட."

"அது பொய் இல்லடா." முதல் தடவையாக அவன் குரல் உடைந்தது. "மொதல்ல அந்தாளு உச்சத்துல கத்தறது போச்சு. அப்புறம் ஆர்கன். ஒரே நாள்ல போவல, கொஞ்சங் கொஞ்சமா தூரம் போயிகினே இருந்துச்சு. ஒன் ஆளோட டிரம்ஸ் மட்டும் இன்னும் கைக்கு வருது, நெஞ்சுக்கு வருது. கடசி வரைக்கும் எது கூட நிக்குதோ அதுதானே பெருசு? யோசிச்சுதான் சொன்னேன். நீ ஜெயிச்சிட்ட."

இப்படி ஒரு ஜெயிப்பு எனக்கு வேண்டாம் என்று கத்த வேண்டும் போல இருந்தது.

அவனே தொடர்ந்தான். "இனிமே இந்த வண்டியெல்லாம் வாணாம் வேணு. ஒனக்கு பதில் சொல்ல முடியல, சும்மா தலையாட்டிகினு வர்றேன். ஒன் ஆளுங்க மாதிரி மரியாதையா நிறுத்திக்கலாம்."

அங்கேதான் எனக்கு வாய் வந்தது. முப்பது வருஷமாக மரியாதை, மரியாதை என்று நான் கத்திய வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததும் அது எவ்வளவு கெட்ட வார்த்தை என்று தெரிந்தது.

"நிறுத்த மாட்டேன்" என்றேன், அவனுக்குத் தெரியும்படி வாயை நன்றாகத் திறந்து. "யாரு போனாலும் தறி நிக்கக் கூடாதுன்னு சொன்னவன் யாரு? நீ. நீ கட்சி மாறனா ஒன் கட்சிய நான் எடுத்துக்கறேன். இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் கீதாகிட்ட சொல்ற. மிஷின மாட்டற. ஷெட்டுக்கு ஒரு மேஸ்திரிய போட்டுட்டு வெளிய உக்கார்ற. இல்லன்னா நானே வந்து அவகிட்ட சொல்வேன். ஒனக்கு அவ மேல கோவம்னு நெனச்சு என் கடையில வந்து அழுவுதுடா."

அதை மட்டும் அவன் எதிர்பார்க்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். பிறகு கையை எடுத்து, "பெரணமல்லூர்க்காரங்க?" என்றான்.

"தறி ஊருல காத பாத்து வாணாம்ன்றவன் வீட்டுக்கு பொண்ண குடுக்காத."

அவன் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. செட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டு முடிந்து அடுத்தது ஓடிக்கொண்டிருந்தது.

"திரும்ப அத போடுறா" என்றான்.

போட்டேன்.

"ஆரம்பிச்சிடுச்சா?"

"ஆமா."

"இன்னா பண்ணுது? சொல்லு."

நான், கல்யாண மண்டபத்து ஆர்மோனியம் என்று அதை வாய் ஓயாமல் கேலி செய்தவன், அந்த ஆர்கனை அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். "கீழ, ரொம்ப மெதுவா வருது. இப்போ ஒரு படி ஏறுது. இன்னும் ஏறுது. அங்கியே நிக்குது. நடுங்குதுடா."

"நடுங்கும்" என்றான். கண்ணை மூடவில்லை. மூடினால் என் வாய் தெரியாது. "அடுத்தது கீழ எறங்கும் பாரு."

இறங்கியது. அவன் விரல் மடியில் ஆடியது, ஆர்கனுக்குக் கொஞ்சம் முன்னால்.

"எறங்குது. நல்லா கீதுடா தனகோடி. ரொம்ப நல்லா கீது." இதை நான் சொல்ல அவன் இத்தனை வருஷம் காத்திருந்தான். கண் கலங்கியதை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மேலே சொல்லிக்கொண்டு போனேன்.

அவன் என் தோளைப் பிடித்து இழுத்தான்.

"இந்தப் பக்கம் திரும்புடா. அங்க பாத்துகினு சொன்னா எனக்கு எப்படிக் கேக்கும்?"

கண்ணைத் துடைக்காமலே திரும்பி, மறுபடியும் முதலிலிருந்து போட்டேன்.