பன்னிரண்டு சொற்களைக் கேட்டவர்கள்

இருந்தவர்கள்:

யோகம்மா, கடைச் சொந்தக்காரி.
அந்தோனிதாசன், அவருடைய கணவர். வாசித்தவர் இவர்தான்.
தங்கமலர், அயல்வீட்டுக்காரர்.
சுஜாந்தினி, என் மனைவி. வேலைச் சீருடையில் இருந்தாள்.
ஜோனாஸ், கம்பனியிலிருந்து வந்தவர். நான்காவது சொல்லில் உள்ளே வந்தார்.
ஸ்ரிபன், நான்.

இந்தப் பட்டியலை ஒக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ ஊரில் யோகம்மா அன்ரியின் பலசரக்குக் கடைப் பின்னறையில், அரிசி மூட்டையின் மேல் தாளை வைத்து எழுதினேன். தாள் கம்பனியுடைய படிவம். இரகசியச் சொற்கள் வெளியே போனபோது உடனிருந்தவர்கள் யார் என்று அதில் டேனிஷ் மொழியில் கேட்டிருந்தார்கள்.

கம்பனி என்றால் ஓர்ஹூஸ் நகரில் ஓர் அறை, மூன்று பேர், ஒரு கோப்பி மெஷின். கடைகளைக் காசுக்குப் பதிலாகப் பிட்கொயினை ஏற்க வைப்பது அவர்களுடைய தொழில். வாங்க வருகிறவர் கல்லாவில் ஒட்டிய கியூ.ஆர். சதுரத்தைத் தொலைபேசியால் படம் பிடித்தால், கொயின் கடைக்காரரின் தொலைபேசிக்குப் போய்விடும். ஒக்டோபர் முடிவதற்குள் மூன்று கடைகளைச் சேர்க்க வேண்டும், ஒவ்வொரு கடையிலும் ஒரு உண்மையான விற்பனையாவது நடந்திருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். முடித்தால் நவம்பரிலிருந்து நிரந்தரப் பகல் வேலை. முடிக்காவிட்டால் ஒன்றுமில்லை.

கணினிப் படிப்பை மூன்றாவது தவணையில் விட்டவன் நான். நான்கு வருடங்களாக ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் ஆலையில் இரவு வேலை. அதில் எனக்குப் பெரிய குறை இருக்கவில்லை. விரிப்புகள் பேசுவதில்லை. ஆனால் கலியாணம் முடித்துப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. சுஜாந்தினி முதியோர் இல்லத்தில் மாலை வேலை செய்தாள். மூன்று மணிக்குத் தொடங்கி இரவு பதினொன்றுக்கு முடியும். அவள் வீட்டுக்கு வரும்போது நான் ஆலையில். நான் விடிய வந்து படுக்கும்போது அவள் பாதித் தூக்கத்தில். நான் எழும்பும்போது அவள் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருப்பாள். எங்கள் கதவு பழையது, இழுத்துச் சாத்தினால் மட்டும் நிற்காது. பூட்டில் திறப்பைத் திருப்ப வேண்டும். எனவே ஒவ்வொரு நாளும் இரண்டரை மணிக்கு அவளை அனுப்பி, அவளுக்குப் பின்னால் கதவைப் பூட்டுவேன். எங்கள் குடும்ப வாழ்க்கையில் தவறாமல் நடந்த காரியம் அதுதான். மற்றதெல்லாம் குரல் செய்திகள்.

முப்பத்தொரு கடைகளுக்குப் போனேன். பூக்கடைக்காரர், "இதுவரை யாரும் கேட்கவில்லையே" என்றார். முடிவெட்டுகிறவர் தொலைபேசியில் பணம் வாங்கும் மொபைல்பே எண்ணைக் காட்டி, இது போதும் என்றார். காது கேட்கும் கருவிகள் விற்கும் பெண்மணி கோப்பி தந்து, இருபது நிமிடம் கவனமாகக் கேட்டு, வேண்டாம் என்றார். கோப்பி நன்றாக இருந்தது. சைக்கிள் திருத்துகிறவர் மகனின் தொல்லை தாங்காமல் சம்மதித்தார். பச்சை குத்துகிற கடையில் நான் வாயைத் திறக்கும் முன்பே சம்மதித்தார்கள். மூன்றாவது கடைதான் கிடைக்கவில்லை.

யோகம்மா அன்ரியிடம் மூன்று தரம் போனேன்.

"கொயின் எண்டுறாய். காட்டு பாப்பம்."

"கையில காட்டேலாது அன்ரி."

"அப்ப என்னத்துக்குக் கொயின் எண்டுறது? காத்து எண்டு சொல்லு."

பின்னாலிருந்து பருப்புப் பை கட்டிக்கொண்டிருந்த அந்தோனிதாசன் அங்கிள், "காத்துக்கு மிச்சக்காசு குடுக்கத் தேவையில்லை, யோகம். நல்லதுதானே" என்றார்.

நான் பாடமாக்கி வைத்திருந்த வசனத்தைச் சொன்னேன். "இதில ஒருக்கா எழுதினா எழுதினதுதான் அன்ரி. ஆராலும் அழிக்கேலாது. பாங்காலயும் ஏலாது."

"பிழை விட்டால்?"

"பிழையும் அழியாது."

"உது எங்கட தங்கமலரின்ர வாய் மாதிரியெல்லோ கிடக்கு" என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டார்.

மூன்றாம் தரம் அவரே தொடங்கினார். "தம்பி, காலமை பதினொரு மணிக்கு உன்ர மனிசி வந்து கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு போறாள். அஞ்சு மணிக்கு நீ வந்து கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு போறாய். ரெண்டு பேரும் ஒரு வீட்டிலதானே இருக்கிறியள்?"

"ஓம் அன்ரி."

"ஆளை ஆள் கண்டால் கதைக்கிறேல்லையோ?"

"காணுறது குறைவு."

கல்லாவை ஒரு தரம் திறந்து மூடினார். "உந்தக் கொயின் சரிவந்தா உனக்குப் பகல் வேலையோ?"

"ஓம்."

"கொண்டா. எங்க கையெழுத்து?"

கட்டணம் எவ்வளவு குறைவு என்று விளக்க ஒரு படம் வரைந்து கொண்டு போயிருந்தேன். அது பைக்குள்ளேயே இருந்தது.

அன்றே அவருடைய தொலைபேசியில் கொயின் சேரும் பணப்பையைத் திறந்தேன். திரையில் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் வந்தன. "இந்தப் பன்னிரண்டும் ஆருக்குத் தெரியுதோ அவைக்குத்தான் உள்ள இருக்கிறதெல்லாம் அன்ரி. படம் எடுக்கக்கூடாது. ஆருக்கும் சொல்லக்கூடாது. பேப்பரில எழுதி, இருவது வருசத்துக்குத் துலையாத இடத்தில வையுங்கோ."

தமிழ் எழுத்தில், பெரிதாக, ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினார். "கள்ளன் கைவைக்காத இடம் ஒண்டு இருக்கு" என்றார். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை முதல் விற்பனை நடந்தது. காற்றாலைக் கம்பனியில் வேலை செய்யும் சீதாராமன், தமிழ்நாட்டுக்காரர், பத்துக் கிலோ அரிசியும் முருங்கைக்காயும் எடுத்துக்கொண்டு வந்து சதுரத்தைப் பார்த்தார். "ஆன்ட்டி, இதுல பே பண்ணலாமா? சூப்பர்! ஆஃபீஸ்ல சொன்னா நம்பவே மாட்டாங்க." அன்ரியின் தொலைபேசி மணியடித்தது. வந்துவிட்டதா என்று அன்ரி மூன்று தரம் கேட்டார். பிறகு சீதாராமனுக்கு ஒரு பக்கெற் முறுக்கு சும்மா கொடுத்தார்.

மறுநாள் ஜோனாஸ் வந்து பார்த்துக் கையெழுத்து வைத்தால் எல்லாம் முடிந்தது.

ஒக்டோபர் ஜெபமாலை மாதம். ஞாயிறுகளில் ஒவ்வொரு வீட்டிலும் மாறி மாறிச் சொல்வார்கள். அந்த ஞாயிறு யோகம்மா அன்ரியின் முறை, கடைப் பின்னறையில். மாதாவின் படத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்திருந்தார். சுஜாந்தினி வேலைக்குப் போகிற வழியில் வந்து என் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். பகல் வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் நாங்கள் பக்கத்தில் இருந்தது அந்த மாதத்தில் அதுதான் முதல் தடவை. அவளுடைய முழங்கை என் முழங்கையில் பட்டது. எடுக்கவில்லை.

ஜெபமாலை முடிய, சகல புனிதர் திருநாள் நெருங்குகிறது என்று அங்கிள் புனிதர்களின் மன்றாட்டைத் தொடங்கினார். அவருடைய ஜெபப் புத்தகம் பழையது. அது அச்சான பிறகு வந்த புனிதர்களின் பெயர்களை அன்ரி துண்டுத் தாளில் பெரிதாக எழுதி அந்தப் பக்கத்தில் வைப்பது வழக்கம். அங்கிள் அதையும் சேர்த்து வாசிப்பார். வெளிநாட்டுப் புனிதர்களின் பெயர்கள் எப்படியும் வாயில் நுழையாதவை என்பதால் அவர் எதையும் கேள்வி கேட்பதில்லை.

"புனித அந்தோனியாரே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றோம்.

தாளைத் திருப்பினார். "புனித லெமனே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"புனித விண்டரே."

எனக்கு விளங்கிவிட்டது: லெமன், விண்டர் இரண்டும் அன்ரி எழுதி வைத்த ஆங்கிலச் சொற்கள். கள்ளன் கைவைக்காத இடம் ஜெபப் புத்தகம். அன்ரியைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எழும்பி நிறுத்தியிருக்கலாம். ஆனால் மன்றாட்டை நடுவில் நிறுத்தி நான் எங்கும் கண்டதில்லை. நானும் பதில் சொன்னேன்.

"புனித ரைகரே."

ரைகர் என்றால் புலி. இதற்குத் தங்கமலர் அக்கா மற்றவர்களைவிடச் சற்று உறுதியாகப் பதில் சொன்னார்.

"புனித லடரே." கதவைத் தள்ளிக்கொண்டு ஜோனாஸ் வந்தார். டென்மார்க்கில் பிறந்த தமிழ்ப் பிள்ளை, ஆனாலும் பூசைக்குப் போகிற வீடு. பைகளுக்குப் பக்கத்தில் நின்று சிலுவை போட்டு, எல்லாரோடும் சேர்ந்து பதில் சொன்னார். இரண்டு சொற்கள் சொன்ன பிறகு அவருடைய முகம் மாறியது. வாய் மட்டும் பதில் சொல்வதை நிறுத்தவில்லை.

"புனித அங்கிளே" என்று வாசித்தபோது அங்கிளே ஒரு கணம் நின்றார். பிறகு, பணிவாக, அடுத்ததற்குப் போனார். என் பக்கத்தில் சுஜாந்தினியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். பத்தாவது சொல்லில் அவளுக்கும் விளங்கிவிட்டது. இந்தப் பன்னிரண்டைப் பற்றிக் குரல் செய்தியில் சொல்லியிருந்தேன். தோள் குலுங்குவது நின்றுவிட்டது.

ஆமென் சொல்லி முடிந்ததும் தங்கமலர் அக்கா கேட்டார். "அண்ணை, உந்தப் புனித ரைகர் எந்த நாட்டவர்?"

"எழுதிக் கிடந்தது. வாசிச்சன்" என்றார் அங்கிள்.

அன்ரி கண்ணைத் திறந்து அவருடைய கையிலிருந்த தாளைப் பார்த்தார். "ஐயோ, மனுசா. அது புனிதர் இல்லையப்பா. கொயின்."

ஜோனாஸ் என்னைக் கல்லாப் பக்கம் கூட்டிப் போனார். "அண்ணை, புதுச் சொல் அஞ்சு நிமிசத்தில எடுக்கலாம். காசு ஒண்டும் போகேல்ல. ஆனா ரூல் இருக்கு. சொல் வெளிய போனால் அந்தக் கடை மூண்டு மாதத்துக்குக் கணக்கில இல்லை." பைக்குள்ளிருந்து படிவத்தை எடுத்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பைக்குள் வைத்தார். "நான் இப்பதானே வந்தன். நான் ஒண்டும் கேக்கேல்ல. ஓகே?"

நல்ல மனுசன். ஓம் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

பின்னறைத் திரைக்கு அருகில் யோகம்மா அன்ரி நின்றார். "நீரும்தானே தம்பி பதில் சொன்னனீர். கேக்காமலோ சொன்னனீர்?"

ஜோனாஸின் காது சிவந்தது.

"அன்ரி, விடுங்கோ" என்றேன்.

"எப்பிடி விடுறது? என்ர கடையில, மாதாவுக்கு முன்னால சொன்ன செபத்தை ஒருத்தரும் கேக்கேல்ல எண்டோ? எழுதினா எழுதினதுதான், பிழையும் அழியாது எண்டு நீதானே சொன்னனீ. அதைக் கேட்டுத்தான் நான் கையெழுத்து வச்சனான்."

அதைக் கேட்டு அவர் கையெழுத்து வைக்கவில்லை. கறிவேப்பிலைக்காக வைத்தார். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பகல் வேலையை என்னைவிட அதிகமாக விரும்பியவர் அவர்.

அங்கிள் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கேட்டார். "என்னாலயோ தம்பி உன்ர வேலை போகுது?"

"இல்லை அங்கிள்." அன்று அந்தக் கடையில் நான் சொன்ன ஒரே பொய் அது. அதற்குப் படிவம் இல்லை.

சுஜாந்தினி மணியைப் பார்த்தாள். இரண்டு இருபது. சீருடைப் பையிலிருந்து பேனையை எடுத்து என்னிடம் நீட்டினாள். "எழுதுங்கோ. அவரைப் பொய் சொல்ல வைக்காதேங்கோ. என்ர பேரையும் போடுங்கோ. பன்னிரண்டும் எனக்கு மனப்பாடம்."

"வேலை போயிடும் சுஜா."

"தெரியும். எழுதுங்கோ, பேனை எனக்கு வேணும்."

ஜோனாஸ் படிவத்தை மறுபடி எடுத்துக்கொண்டு என்னோடு பின்னறைக்கு வந்தார்.

எழுதினேன். அவள் பேனையை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அடுத்த கிழமை கம்பனியிலிருந்து இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. மரியாதையான இரண்டு வரிகள். அன்ரி புதுச் சொற்களை எழுதி வேறெங்கோ வைத்துவிட்டார், கல்லாவிலிருந்த சதுரத்தைக் கிழிக்கவில்லை. சீதாராமன் மட்டும் அதில் முருங்கைக்காய் வாங்குகிறார். நான் ஆலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன்.

நவம்பர் நடுப்பகுதியில் எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் சுஜாந்தினியின் புது வேலை அட்டவணை ஒட்டியிருந்தது. மாலை வேலை ஒன்றும் இல்லை. எல்லாம் இரவு, பதினொன்றிலிருந்து ஏழு வரை. அவள் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னைக் கேக்காமல் மாத்திப்போட்டீர்."

"கேட்டால் வேண்டாம் எண்டிருப்பீங்கள்."

"இரவு வேலை உடம்புக்குக் கூடாது."

"உங்கட உடம்பு என்ன இரும்போ?" மற்றச் சப்பாத்தைத் தேடினாள். "இரவில கிழவங்கள் நித்திரை. கரைச்சல் குறைவு. உங்களுக்காக எண்டு நினைச்சுக் கொண்டு திரியாதேங்கோ."

சப்பாத்து கதிரைக்குக் கீழே கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது பின்னேரங்களில் இரண்டு பேரும் சேர்ந்து கடைக்குப் போகிறோம். "ஒரு பக்கெற் கறிவேப்பிலைதான் வாங்குறியள்" என்கிறார் யோகம்மா அன்ரி. "என்ர யாவாரம் படுத்துப்போச்சு." சொல்லிவிட்டு எங்களுடைய பையில் பச்சை மிளகாய் ஒரு பிடி போடுகிறார்.

அவளுடைய முதல் இரவு வேலை முடிந்த காலை, நான் ஆறரைக்கு வந்து தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். படுக்கவில்லை. வெளியே இன்னும் இருட்டு, மழை. ஏழு நாற்பதுக்குப் படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. அவள் திறப்பை எடுப்பதற்குள் கதவைத் திறந்தேன். தலைமயிர் நனைந்திருந்தது, கண் சிவந்திருந்தது.

"படுக்கேல்லையே?"

"இல்லை."

"பசிக்குது" என்று சொல்லிக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே போனாள். நான் கதவை இழுத்துச் சாத்தி, அவளுக்குப் பின்னால் திறப்பைத் திருப்பினேன்.