சிக்னல் கிடைக்காத கொலைகாரன்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. சென்னையில் ஜப்பான் பாணி அனிமே கார்ட்டூன் கம்பெனி நடத்தும் ஒருவர் போன் செய்து, கொலைகார ரோபோ ஒன்று தப்பித்து மலையில் திரியவேண்டும், முதல் பகுதியிலேயே பிணம் விழவேண்டும் என்றார். எந்த மலை என்று கேட்டேன். "ஜப்பான் மாதிரி ஏதாவது" என்றார். எனக்குத் தெரிந்த மலை ஜவ்வாதுதான்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்:

'செர்ரிப் பூக்கள் உதிரும் அந்திப்பொழுதில், இரும்புக் காலடி ஒன்று மெல்ல—'

(விட்டுவிட்டேன். இங்கே உதிர்வது புளியம்பழம்.)

2.

கதாநாயகி ஈஸ்வரி. நூறு நாள் வேலையில் பொறுப்பாளர். ஏரியில் மண்வெட்ட வந்தவர்களை வரிசையாக நிறுத்தி, முகம் தெரியப் படம் எடுத்து அனுப்பவேண்டும். படம் போகாவிட்டால் வெட்டிய மண்ணும் வெட்டாத மண்தான், கூலி கிடையாது. அன்று காலை பார்த்து அவள் போன் குட்டையில் விழுந்து செத்துப்போயிருந்தது.

[கம்பெனிக்காரர் குறிப்பு: கதாநாயகிக்கு முகத்தில் பாதி கண்ணாக இருக்கவேண்டும். என் பதில்: ஏரிக்கரை வெயிலில் நின்று பாருங்கள், இருக்கிற கண்ணே திறக்காது.]

ரோபோவுக்கு ஒரே விதி. முகத்தைப் படம் பிடிக்கும், மேலிடத்துக்கு அனுப்பும், 'சரி' என்று பதில் வந்ததும் சுடும். பதில் வராமல் ஒரு கொசுவைக்கூடத் தொடாது. அவ்வளவு ஒழுங்கான உத்தியோகஸ்தன்.

3.

புதரை விலக்கிக்கொண்டு ரோபோ வந்தது. "முகத்தைக் காட்டு" என்றது.

திரில்லர் இலக்கணப்படி பெண்கள் அலறி ஓடியிருக்கவேண்டும். இவர்கள் வரிசையில் நின்றார்கள்.

"ஏம்மா ஈஸ்வரி, இன்னா இது? புதுசா மிஷினு அனுப்சிக்கிறாங்க?" என்றாள், வரிசையில் முதலில் நின்ற குப்பம்மா.

"தெர்லக்கா. நம்ம போனு போனதுக்கு சாமி பார்த்து அனுப்சிது போல. முக்காட்ட எடு, மூஞ்சி தெரியணும்."

எல்லா முகங்களையும் ரோபோ பிடித்துக்கொண்டது. பிறகு அதன் மார்பில் சிவப்பு விளக்கு எரிந்தது: தொடர்பு இல்லை.

"போச்சிடா! உனுக்கும் சிக்னல் இல்லியா?" என்று ஈஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள்.

* என் கதையில் வரும் இந்த ஊர், டவர் கேட்டு மனு மேல் மனு போட்ட ஊர். மனுக்களைக் குப்பையில் போட்ட மகான்கள்தான் இப்போது இத்தனை உயிரையும் காப்பாற்றுகிறார்கள். அவர்களுக்கு நான் நன்றி சொல்லவேண்டியிருக்கிறது. வயிறு எரிகிறது.

4.

பிரச்சினை, ஈஸ்வரி பொறுப்பானவள். மேலே ஒரு பாறையில் ஏறினால் சிக்னல் வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

"வா, நான் கூட்டிம்போறேன்" என்று ரோபோவின் கையைப் பிடித்தாள். துப்பாக்கி இருந்த கை.

அவளை நிறுத்த நான் படாதபாடு பட்டேன். மழையைப் பெய்ய வைத்தேன். தான் நனைந்துகொண்டு ரோபோவுக்குக் குடை பிடித்தாள். கரடியை அனுப்பினேன். கரடி ரோபோவைப் பார்த்ததும் வந்த வழியே ஓடிவிட்டது. மலையிலேயே அறிவுள்ள ஜீவன் அதுதான்.

5.

முடிவுகள்:

அ) சிக்னல் வரவில்லை. எல்லோரும் உயிரோடு, வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறார்கள். (கம்பெனிக்காரர்: பிணம் எங்கே சார்?)

ஆ) சிக்னல் வருகிறது. குப்பம்மா முதலில்— (எழுதினேன். அடித்துவிட்டேன்.)

இ) ஈஸ்வரி உண்மையைப் புரிந்துகொண்டு ரோபோவைப் பள்ளத்தில் தள்ளுகிறாள். (கம்பெனிக்காரருக்கு மிகவும் பிடித்தது. ஈஸ்வரி ஒத்துக்கொள்ளவில்லை. "நல்ல மிஷின இன்னாத்துக்குத் தள்ளணும்? அப்பறம் எங்க கூலிக்கு யாருங்க பதில் சொல்றது?" என்கிறாள்.)

6.

பாறை உச்சி. மழை விட்டிருக்கிறது. ரோபோவின் கையை ஈஸ்வரி எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரம் தூக்கிப் பிடிக்கிறாள். சிவப்பு விளக்கு பச்சையாகிறது. முகங்கள் ஒவ்வொன்றாக மேலிடத்துக்குப் போகின்றன.

மேலிடம் எது என்று நான் இதுவரை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்: நீங்கள்தான். பிணம் விழும் என்று நம்பித்தானே இவ்வளவு தூரம் படித்தீர்கள்? இத்தனை முகங்களும் உங்களிடம் வந்துவிட்டன. 'சரி' என்பதா 'வேண்டாம்' என்பதா, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான் அந்தப் பக்கம் திரும்பப்போவதில்லை.

கீழே கரையில் பெண்கள் அண்ணாந்து நிற்கிறார்கள். ஈஸ்வரி சந்தோஷமாகக் கத்துகிறாள்:

"யக்கா, போய்ட்ச்சி! பதில் வர்ற வரைக்கும் யாரும் நகராதீங்க!"