சொல்லாமல் விட்ட செபெ

பாந்தாமாப் பேட்டையில் டுஃபி மேடத்தின் சடை பின்னும் கடையில் நாற்காலிகள் பல இருந்தன. ஆனால் வந்த பெண்களெல்லாம் பிராகோவின் நாற்காலி காலியாகும்வரை காத்துக்கிடந்தார்கள். நூல் மாதிரி மெல்லிசான சடை போட வேண்டுமென்றால் அவள் கைதான் வேண்டும். அந்தக் கைதான் மழைக்கு முன்பே மக்கர் பண்ணத் தொடங்கியது. வலது பெருவிரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் முதலில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. பிறகு மரத்துப்போயிற்று. சீப்பு கையில் இருக்கிறதா கீழே விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

டுஃபி மேடத்தைக் கல்நெஞ்சக்காரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவளைப் போல அந்தக் கையைத் தாங்கியவர்கள் யாருமில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். ஷியாக் கொட்டை வெண்ணெயைச் சூடாக்கித் தன் கையாலேயே நீவிவிட்டாள். உப்புப் போட்ட வெந்நீரில் முக்கச் சொன்னாள். பச்சிலை வைத்தியனிடம் கூட்டிப்போனாள். அவன் மணிக்கட்டில் சின்னச் சின்னதாகக் கீறி, கரிப்பொடியை அப்பி, ஆட்டுக்கறி தின்னக்கூடாது என்று அனுப்பினான். ஆட்டுக்கறிக்கும் மணிக்கட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை. அடும் கடைவீதியில் ஊசி குத்தும் சீன வைத்தியரிடமும் போனார்கள். அங்கிருந்து வந்த அன்று வலி கொஞ்சம் அடங்கியது. மறுநாள் ஒரு மணப்பெண்ணையும் அவள் தோழிகளையும் மேடம் பிராகோவிடம் உட்கார வைத்தாள். வலி திரும்பி வந்தது.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் ஒரு சிகிச்சைக்காரி விஷயத்தை விளக்கிச் சொன்னாள். மணிக்கட்டுச் சந்துக்குள் நரம்பு நெரிபடுகிறது. தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் பட்டை கட்ட வேண்டும். விரல்களை இப்படி இப்படி நீட்டி மடக்க வேண்டும். மற்ற வைத்தியம் இதமாக இருந்தால் செய்துகொள்ளலாம், தப்பில்லை. ஆனால் சில வாரமாவது பின்னுவதை நிறுத்தாவிட்டால் எந்தக் குணமும் நிலைக்காது, இப்படியே விட்டால் கத்தி வைக்கவேண்டி வரும் என்றாள்.

பட்டையை மேடமே வாங்கிக் கொடுத்தாள். ஓய்வு என்ற மருந்து மட்டும் அவள் கடையில் கிடைக்கவில்லை. பிராகோ இரண்டு மூன்று முறை கேட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் ஒரு கல்யாணம், ஒரு ஞானஸ்நானம், ஒரு பட்டமளிப்பு குறுக்கே வந்தது. ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு மேடம் சொன்னாள்:

"கை சீக்குன்னு ஒருத்தி காதுல விழுந்தாப் போதும்டி, உன் நாற்காலி அன்னிக்கே காலி. வெளியில மூச்சு விடாத. மழை முடியட்டும், சந்தாசியில புதுக்கடை போடுறேன்ல, அதுல உன்ன உக்கார வைக்கிறேன். பொண்ணுங்க பின்னட்டும், நீ பாத்துக்கிட்டா போதும்."

அந்த வார்த்தையைத்தான் பிராகோ பிடித்துக்கொண்டாள். சந்தாசிக் கடை கிடைத்தால் கை பிழைக்கும். அதுவரை வாயைத் திறக்கக்கூடாது. வீட்டில் பட்டையோடு தூங்கினாள். கடையில் கழிப்பறைக்குள் போய் விரல்களை நீட்டி மடக்கினாள். வலக்கையை மிச்சம் பிடிக்க எல்லாவற்றுக்கும் இடக்கையைப் பழக்கினாள்: வாளி தூக்க, கூட்ட, கஞ்சி கிண்ட, கதவு திறக்க. மெல்ல மெல்ல எறும்பு ஊர்வது குறைந்தது. சந்தோஷத்தில் ஒருநாள் தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மேடத்தின் தாய் போய்ச் சேர்ந்தாள். எடுப்பு சனிக்கிழமை என்று வைத்தார்கள். வியாழனும் வெள்ளியும் குடும்பத்துப் பெண்கள் அத்தனை பேரும் கடையில் வந்து இறங்கினார்கள். அத்தனை பேருக்கும் பிராகோதான் வேண்டும். துக்கத்துக்குக்கூட அழகான தலையோடுதான் போக வேண்டும் அல்லவா. வெள்ளி மாலை அவள் கை முழங்கைவரை கட்டை மாதிரி ஆகிவிட்டது. சனிக்கிழமை பட்டை கட்டிக்கொண்டு வந்தவளைப் பார்த்ததும் மேடம் அதைக் கழற்றித் தன் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

பந்தலில் சிவப்பும் கறுப்புமான துக்க உடையில் குடும்பம் வரிசையாக உட்கார்ந்திருந்தது. வந்தவர்கள் வலது கோடியில் தொடங்கி ஒருவர் விடாமல் கைகொடுத்துக்கொண்டே போக வேண்டும். கடைப் பெண்கள் வரிசையில் பிராகோவும் போனாள். முதல் சில கைகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு குலுக்கினாள். ஒரு லாரிக்காரர் பாசத்தோடு பிசைந்துவிட்டார். முழங்கைவரை தீப்பிடித்தது. அடுத்த நாற்காலி குடும்பத் தலைவர் குவார்டெங்குடையது. வலக்கை எழவில்லை. இத்தனை நாள் ஓடி ஓடி உதவிய இடக்கை, தானாக முன்னே நீண்டது.

இடக்கையை நீட்டுவது யாருக்கும் நேரலாம். அதற்காகத்தான் 'செபெ' என்று ஒரு சொல் இருக்கிறது. மன்னிக்கணும், இது இடக்கை என்று அர்த்தம். அதைச் சொல்லிவிட்டால் எந்தப் பெரியவரும் முகம் சுளிக்கமாட்டார். பிராகோவின் நாக்கு நுனிவரை அது வந்தது. சொன்னால், ஏன், வலக்கைக்கு என்ன என்று கேட்பார்கள். அவளிடம் தலை கொடுக்கும் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வாயை மூடிக்கொண்டாள். குவார்டெங் அந்தக் கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தன் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

அன்று மாலைக்குள் டுஃபியின் கடைக்காரி பெரியவரை அவமானப்படுத்திவிட்டாள் என்று பாந்தாமா முழுக்கப் பேச்சு. திங்கட்கிழமை குடும்பம் கூடியபோது மேடம் மன்னிப்புக் காணிக்கையாக ஒரு சாராயப் புட்டியோடு பிராகோவை இழுத்துப்போய்ப் பெரியவர் முன் மண்டியிட வைத்தாள். பிராகோ வாய் திறக்குமுன் மேடமே சொல்லிவிட்டாள்:

"இந்தப் பொண்ணுக்குக் கையில நோய், ஐயா. விரலெல்லாம் செத்துப்போச்சு. திமிருல செய்யல, பொறுத்துக்குங்க."

குவார்டெங் விழுந்து விழுந்து சிரித்தார். கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"வாயில கென்கே மாவுருண்டையவா அடக்கி வச்சிருந்த? ஒரு செபெ சொல்லியிருந்தா முடிஞ்சுபோயிருக்குமேம்மா."

புட்டியைத் திறந்து முன்னோருக்கென்று மண்ணில் கொஞ்சம் ஊற்றினார், மன்னித்தார், சூடான செங்கல்லைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். நல்ல மனுஷன். ஆனால் பிராகோ பார்த்தது அவரை அல்ல. வெள்ளிக்கிழமை அவள் பின்னிவிட்ட ஒருத்தி, தன் தலையை மெல்லத் தடவிப் பார்த்துவிட்டு, அது தொத்துமா என்று பக்கத்துப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் பிராகோவின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. வந்தவர்கள், பாவம் உனக்கேன் சிரமம் என்று சொல்லி அடுத்த நாற்காலி ஃப்ரேமாவிடம் போனார்கள். ஃப்ரேமா கோணல்மாணலாகப் பின்னுகிறவள். மழை முடிந்து சந்தாசிக் கடை திறந்தபோது சாவி அவளிடம்தான் போனது. கடை நடத்துகிறவள் கைமேல் ஊருக்கு நம்பிக்கை இருக்க வேண்டாமா என்றாள் மேடம். பிறகு பிராகோவைப் பின்பக்கம் அழைத்துப்போய், இனி கடைக்கு வர வேண்டாம் என்பதை எத்தனை இதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை இதமாகச் சொன்னாள்.

"நல்லா ஓய்வெடு. கைதான் முக்கியம். ஆஸ்பத்திரிக்காரி சொன்னத ஒண்ணு விடாம செய்."

பிராகோ கேட்டாள்: "இதத்தானே மேடம் நான் அப்பவே கேட்டேன்?"

மேடம் பொய் சொல்லவில்லை, அந்த மட்டுக்கும் அவளை மெச்ச வேண்டும்.

"அப்ப உன் கை எனக்கு வேண்டியிருந்துச்சுடி" என்றாள். சொல்லும்போது அவள் பிராகோவின் வலக்கையைத் தன் மடியில் வைத்து, ஷியா வெண்ணெய் தடவி, விரல் விரலாக நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.