விலகியவருக்குத் தானாகப் போகும் பதில்

தில்லைநாயகம் பிள்ளைக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால், தெரியாது என்பது அடுத்தவனுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அதனால்தான் தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து ஐப்பசியில், வண்ணாரப்பேட்டை பிரவுசிங் சென்டரில் ஸ்ரீவத்ஸன் திரையைக் காட்டி ஏதேதோ விளக்கியபோது, "அது தெரியும் வே, மேல சொல்லும்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நெல்லை டவுன் கீழரத வீதியில் மனைவி பெயரில் 'பிரம்மநாயகி வத்தல் வடகம்' கடை நடத்துகிறவர் அவர். கூழ்வத்தல், மோர்மிளகாய், மிதுக்கங்காயைக் காயவைத்த மிதுக்கவத்தல் எல்லாம் உண்டு. கல்யாணமாகி அமெரிக்கா போன மகள் சித்ரலேகா, அங்கே இருக்கிற நம் ஊர்க்காரர்கள் மிதுக்கவத்தலை நினைத்து நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு கிடக்கிறார்கள் என்று எழுதினாள். கூடவே அவர்களுடைய இ-மெயில் முகவரிகளையும் அனுப்பிவைத்தாள். அதைப் பார்த்தபின் ஸ்ரீவத்ஸன் சும்மா இருப்பானா? சிந்துபூந்துறை வாத்தியார் வீட்டுப் பையன், அந்த பிரவுசிங் சென்டரை நடத்துகிறவன். ஊர் வியாபாரிகளையெல்லாம் உலகச் சந்தையில் ஏற்றிவிடுவது என்று சபதம் எடுத்திருந்தான். இதுவரை சிக்கியவர் பிள்ளை ஒருவர்தான்.

"இந்த சாஃப்ட்வேர்ல ஒரு தடவ லெட்டர் அடிச்சாப் போறும் அண்ணாச்சி. அவாவா பேரைப் போட்டு அதுவே தனித்தனியா எல்லாருக்கும் அனுப்பிடும். படிக்கறவாளுக்கு நீங்களே உக்காந்து எழுதின மாதிரி இருக்கும்."

பிள்ளைக்கு உள்ளே சுருக்கென்றது. எல்லாருக்கும் ஒரே கடுதாசி என்ற யோசனை ஏற்கெனவே ஒரு தடவை அவர் குடும்பத்தை இரண்டாக்கியிருந்தது.

சித்ரலேகா கல்யாணத்தின்போது நடந்தது அது. அமெரிக்காவில் இருந்த ஒரே தம்பி குமரகுருபரனுக்கு அழைப்பு போனது. எப்படிப் போனது? ஊருக்கெல்லாம் போன பத்திரிகைகளோடு ஒன்றாக, அச்சாபீஸ்காரன் விலாசம் எழுதி ஒட்டி அனுப்பினான். கூடப் பிறந்தவனை வாயால் அழைக்க வேண்டும். தூரத்தில் இருந்தால் போனிலாவது அழைக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் கைப்பட நாலு வரியாவது எழுத வேண்டும். பத்திரிகையெல்லாம் அதற்குப் பிறகுதான். "ஊரானுக்கு அனுப்புத கடுதாசிய எனக்கும் அனுப்பிட்டாரு" என்று தம்பி கல்யாணத்துக்கு வரவில்லை. "எம் மக கல்யாணத்துக்கு வராதவன் எனக்குத் தம்பியா?" என்று அண்ணன் பேச்சை நிறுத்தினார். அதோடு ஏழு வருஷம் ஓடிவிட்டது. ஆடு பகை, குட்டி உறவா என்று கேட்பார்கள். இங்கே குட்டி உறவாகத்தான் இருந்தது. சித்ரலேகா மட்டும் சித்தப்பாவோடு பேசிக்கொண்டிருந்தாள்.

தப்பு தன் பேரில்தான் என்று பிள்ளைக்கு முதல் வருஷமே தெரியும். அறுபது நெருங்க நெருங்க, தம்பி குரலைக் கேட்காமலே போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்ற பயம் வந்தது. ஆனால் மூத்தவன் இறங்கிப் போவதா? ஊர் என்ன சொல்லும்? ஊருக்கு இதெல்லாம் மறந்தே போயிருந்தது என்பது வேறு விஷயம்.

"உங்க பொண்ணு அனுப்பின லிஸ்ட்ல குமரகுருபரன்னு ஒருத்தர் இருக்கார். இனிஷியல்கூட உங்க இனிஷியல்தான். சொந்தமா அண்ணாச்சி?" என்று கேட்டான் ஸ்ரீவத்ஸன்.

"ஏதோ ஒரு ஆளு. கெடக்கட்டும், எடுக்காதியும்."

உண்மையைச் சொன்னால், உலகச் சந்தையெல்லாம் அவருக்குச் சாக்குத்தான். தான் எழுதாமல் தம்பிக்கு ஒரு கடுதாசி போக வேண்டும். அவன் பதில் போட்டால் முதலில் பேசியது அவன். போடாவிட்டால் கடுதாசி எழுதியது மிஷின். அறுபது வயது மனிதர் யோசிக்கிற யோசனையா இது? ஆனால் அதைத்தான் யோசித்தார்.

கடிதம் எழுத இரண்டு நாள் பிடித்தது. ஸ்ரீவத்ஸன் முதல் வரியிலேயே சரக்கைச் சொல்லிவிட வேண்டும் என்றான். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறதாம்.

"மொதல்ல சொகமா இருக்கியளான்னு கேளும் வே. எடுத்த எடுப்புல வத்தல் வாங்குன்னா எவன் மதிப்பான்? ஆத்துல தண்ணி நெறைய போகுதுன்னு போடும். நெல்லையப்பர் கோயில் திருக்கல்யாணம் நல்லா நடந்துதுன்னு போடும்."

"அதுக்கும் மோர்மிளகாய்க்கும் என்ன சம்பந்தம் அண்ணாச்சி?"

"சம்பந்தம் இருக்கு, நீரு அடியும்."

ஸ்ரீவத்ஸன் எல்லாவற்றையும் இங்கிலீஷில் அடித்தான். தமிழில் அடித்தால் அங்கே கட்டம் கட்டமாகத் தெரியுமாம். கீழே பிள்ளையின் பெயரைப் போட்டான். அதற்கும் கீழே இன்னொரு வரி சேர்த்தான்: இனி எங்கள் கடிதம் வேண்டாமென்றால், 'நீக்கவும்' என்று பதில் எழுதுங்கள்.

பிள்ளைக்கு ரத்தம் கொதித்தது. "ஏன் வே, கடைக்கு வந்தவன்ட்ட, பிடிக்கலன்னா போயிருன்னு கடைக்காரனே சொல்லுவானா?"

"வெளிநாட்டுல அதுதான் அண்ணாச்சி மரியாதை. வேண்டாம்னு ஒருத்தர் எழுதினா, மிஷினே பேரை எடுத்துட்டு அவருக்கு ஒரு பதிலும் அனுப்பிடும். அந்தப் பதில் சாஃப்ட்வேரோடயே வர்றது. அதுலயும் உங்க பேர்தான் இருக்கும். வாசிச்சுக் காட்டட்டுமா?"

"அது தெரியும் வே" என்றார் பிள்ளை.

மோடம் எண்ணெய் காணாத கதவுபோல் கிறீச்சிட்டது. கடிதங்கள் போயின.

நாலைந்து நாளில் பதில்கள் வந்தன. சிலர் வத்தல் கேட்டார்கள். ஒருவர் குறுக்குத்துறை முருகன் கோயில் வரைக்கும் வெள்ளம் வந்துவிட்டதா என்று விசாரித்திருந்தார். இன்னும் சிலர் வத்தலை விட்டுவிட்டு, தங்கள் பையன்களுக்கு நல்ல இடத்தில் பெண் இருந்தால் சொல்லச் சொன்னார்கள். ஸ்ரீவத்ஸன் ஆனந்தக் கூத்தாடினான். பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டார்.

"அந்தக் குமரகுருபரன்னு ஒரு ஆளு இருந்தானே?"

"அவரா? அவர் வேண்டாம்னுட்டார். 'நீக்கவும்'னு ஒரே வார்த்தை."

"சரி வே" என்றார் பிள்ளை.

பஸ் ஆற்றுப் பாலத்தைக் கடந்தபோது, கடிதத்தில் ஊருக்கெல்லாம் எழுதி அனுப்பிய அந்தத் தண்ணீரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் பிரம்மநாயகி ரசஞ்சோற்றுக்கு மிதுக்கவத்தல் வறுத்து வைத்திருந்தாள். சிறுவயதில் தம்பி இவர் தட்டிலிருந்து களவாடித் தின்கிற வத்தல் அது. தட்டை நகர்த்தி வைத்தார்.

"என்னங்க, மேலுக்கு முடியலையா?"

"ஒண்ணுமில்ல. பசிக்கல."

தம்பியைத் தானே வலியக் கூப்பிட்டு, வாசலில் வைத்து, பிடிக்காவிட்டால் போய்விடு என்று வழியும் காட்டிவிட்டோமே என்று இருந்தது. முதல் தடவையாவது அச்சாபீஸ்காரன் மேல் பழி போடலாம். இந்தத் தடவை யார்மேல் போடுவது? முப்பது வருஷம் வியாபாரம் செய்த வாய்க்கு, 'தம்பி, நல்லா இருக்கியா' என்று கேட்கத் துப்பில்லை. அழுகையாக வந்தது. மனைவி பார்க்காமல் இருக்கப் புறவாசலுக்குப் போய், நன்றாகக் காய்ந்திருந்த வடகத்தை மறுபடியும் திருப்பிப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் திருநீறு பூசிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பிரம்மநாயகி எடுத்தாள். "ஆரு?" என்றாள். அப்புறம் ரிசீவரை அவரிடம் நீட்டினாள்.

"அண்ணாச்சி" என்றது குரல். ஏழு வருஷத்தில் அது கொஞ்சம் தடித்திருந்தது.

பிள்ளை ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். "ம்" என்றார்.

"கோவத்துல நீக்குங்கன்னு எழுதிட்டேன். ஒடனே ஒங்க பதில் வந்துச்சு. ஒங்களுக்கு நேர்ந்த சங்கடத்துக்கு மனசார வருத்தப்படுதோம், தப்பு எங்க மேலதான், எப்பத் திரும்பி வந்தாலும் ஒங்க எடம் ஒங்களுக்காகக் காத்திருக்கும்னு... ரெண்டு நாளா அதையே வாசிச்சுக்கிட்டு இருக்கேன் அண்ணாச்சி. மூத்தவங்க, நீங்க போயி இவ்வளவு எறங்கி எழுதணுமா? ஏழு வருஷமா இந்த ஒத்த வார்த்தைக்குத்தான் கெடந்தேன். எனக்குத் தாங்கல."

பிள்ளைக்குத் தலை சுற்றியது. என்ன பதில்? யார் எழுதியது? ஸ்ரீவத்ஸன் வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் எவனோ முகம் தெரியாதவன், சரக்கு வேண்டாமென்று போகிறவர்களுக்காக எழுதி வைத்த மன்னிப்பு. அந்த ஒற்றை வரியைத்தான் அவர் ஏழு வருஷம் தொண்டைக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். மிஷின் அதை ஒரு நொடியில், கேட்காமலே கொடுத்துவிட்டது. நெஞ்சு வெட்கத்தில் எரிந்தது.

"அண்ணாச்சி, இருக்கியளா? அது நீங்க எழுதினதுதான?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். பிரம்மநாயகி முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்ன ஊரானா லே எழுதுவான்?" என்றார் பிள்ளை. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. ஆனால் அடுத்த வார்த்தைக்கு எந்த சாஃப்ட்வேரும் கைகொடுக்காது என்பது அவருக்குத் தெரிந்தது. "குமரா, தைப் பொங்கலுக்கு வீட்டோட எல்லாரும் வந்துருங்க. கடுதாசி கிடுதாசியெல்லாம் அனுப்ப மாட்டேன். வாயால கூப்பிடுதேன், கேட்டியா? வா லே."

மறுநாள் ஸ்ரீவத்ஸன் கடைக்கே வந்துவிட்டான். முகத்தில் ஒரே ஒரு சின்னக் குறை தெரிந்தது.

"எல்லாம் பிரமாதம் அண்ணாச்சி. நஷ்டம்னு பார்த்தா அந்தக் குமரகுருபரன் ஒருத்தர்தான். விட்டுப் போனவாளைத் திரும்ப இழுக்கறதுக்கும் இதுல ஒரு வழி இருக்கு. சொல்லட்டுமா?"

"அது தெரியும் வே" என்றார் பிள்ளை.